போட்டோவைப் பார்த்து வரைந்தாராம், அதனால் ஹாக்னி ஓவியரே இல்லையாம்!

தூரிகை துரை எழுதியது:

பக்கத்துத் திரியில் கண்ணாடிக்காரன் என்ற பெயரில் எழுதுபவர் நேற்று ராத்திரி ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "டேவிட் ஹாக்னியா? போட்டோவைப் பார்த்துக் காப்பி அடித்துக் கோடீஸ்வரர் ஆனவர்." அவ்வளவுதான். அதற்குப் பன்னிரண்டு பேர் விருப்பக்குறி வேறு. அது வண்ணப் பென்சில் விலை பற்றிய திரி என்பதால் அங்கே பதில் எழுதவில்லை, ஆனால் இதை அப்படியே விட என்னால் முடியாது. முப்பத்தோரு வருஷம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அவர் மனதில் வைத்துப் பேசுவது 1967இல் ஹாக்னி வரைந்த 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' (இன்னும் பெரிய தெறிப்பு) என்ற ஓவியம். லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. எட்டடிக்கு எட்டடி. கலிபோர்னிய வெயிலில் ஒரு நீச்சல் குளம், பின்னால் கண்ணாடிச் சன்னலோடு தட்டையான ஒரு மாடியில்லாத வீடு, ஒல்லியாக இரண்டு பனைமரம், ஆளில்லாத ஒரு மடக்கு நாற்காலி. கீழே மூலையிலிருந்து மஞ்சள் குதிபலகை உள்ளே நீள்கிறது. யாரோ இப்போதுதான் குதித்திருக்கிறார், ஆள் தெரியவில்லை, தண்ணீர் மட்டும் வெள்ளையாகத் தெறித்து நிற்கிறது. வானம், சுவர், குளம் எல்லாம் ரோலரால் தட்டையாக அடித்த அக்ரிலிக். விளிம்புக்கு டேப் ஒட்டி அடித்தது. ஆனால் அந்தத் தெறிப்பை மட்டும் சின்னச் சின்னத் தூரிகையால் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். இரண்டு நொடியில் அடங்கிப்போகும் தண்ணீருக்கு இரண்டு வாரம்! அந்தத் தெறிப்புக்கு நீச்சல் குளம் கட்டுவது பற்றிய புத்தகம் ஒன்றில் இருந்த போட்டோ ஆதாரமாக இருந்தது, அது உண்மை. அதை எடுத்துக்கொண்டு காப்பி என்று சொல்பவர் ஒரு நாள் தூரிகை பிடித்துத் தண்ணீர் வரைந்து பார்க்கட்டும்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிராட்போர்டு என்ற கம்பளி ஆலை ஊரில் ஏழைத் தொழிலாளி வீட்டில் பிறந்து, ஐந்து பிள்ளைகளில் ஒருவனாக வளர்ந்து மேலே வந்த மனிதர். அவரை ஒற்றை வரியில் ஊதித் தள்ளுகிறார்கள்.

கண்ணாடிக்காரன் எழுதியது:

துரை சார், இவ்வளவு நீளமாக எழுதி, நான் சொன்னதை நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். புத்தகத்தில் இருந்த போட்டோ. உங்கள் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறீர்கள்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. அந்தத் தெறிப்பை அவர் கண்ணால் பார்த்து வரைந்தாரா, போட்டோவைப் பார்த்து வரைந்தாரா? இரண்டு வாரமா, இரண்டு வருஷமா என்பது எனக்குத் தேவையில்லை. மெதுவாகக் காப்பி அடித்தாலும் காப்பிதான்.

தூரிகை துரை எழுதியது:

கண்ணால் பார்த்துத் தெறிப்பை எப்படி ஐயா வரைவது? குதித்தவனை அந்தரத்தில் நிறுத்தச் சொல்லவா முடியும்? கண்ணுக்கே பிடிபடாத ஒன்றைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அதில்தான் விஷயமே இருக்கிறது. போட்டோ அந்த நொடியை உறைய வைக்கிறது. ஹாக்னி அதை எடுத்து, மறுபடி நேரம் ஊற்றி நிரப்புகிறார். நீங்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெறிப்பின் நடுவில் அடர்ந்த வெள்ளை, அதிலிருந்து நூல் மாதிரி இழுத்த கோடுகள், ஓரத்தில் நீலத்தின் மேல் மெல்லப் பரவின பால் மாதிரி ஒரு படலம், தனித்தனித் துளிகள். எந்த போட்டோவிலும் தண்ணீர் அப்படி இருக்காது. அது தூரிகையின் எழுத்து.

இன்னொன்று. இதே தெறிப்பை அவர் 1966இலேயே இரண்டு தடவை வரைந்திருக்கிறார், ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது. மூன்றாவதுதான் இந்தப் பெரியது. அதனால்தான் பெயரிலேயே 'பிக்கர்'. காப்பி அடிப்பவனுக்கு மூன்று தடவை எதற்கு? அந்த வீடு போட்டோவில் இல்லை, அவருடைய சொந்தக் கோட்டோவியத்திலிருந்து வந்தது. சுற்றி விளிம்பு விட்டிருப்பது அவர் யோசனை. அப்புறம் என்ன காப்பி?

கண்ணாடிக்காரன் எழுதியது:

வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. தெறிப்பைப் பற்றிக் கேட்டேன். போட்டோதானே?

சரி, அடுத்ததுக்கு வாருங்கள். 2018 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9 கோடி டாலருக்கு மேல் போன படம், 1972இல் வரைந்தது. குளத்தில் ஒருவர் நீந்துகிறார், இளஞ்சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் கரையில் நின்று குனிந்து பார்க்கிறார். அந்த யோசனையே ஸ்டூடியோ தரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு போட்டோவிலிருந்து வந்தது என்று அவரே சொன்னதுதானே? பிரான்சில் ஒரு குளத்தில் ஆளை நீந்தவிட்டு வரிசையாக போட்டோ எடுத்தார், சட்டைக்காரரை லண்டன் பூங்காவில் நிற்கவைத்து வேறு எடுத்தார். எல்லாம் போட்டோ, போட்டோ, போட்டோ.

பிராட்போர்டு மழை எழுதியது:

வணக்கம். நான் பதினாலு வருஷமாக யார்க்ஷயரில் இருக்கிறேன், செவிலியர் வேலை. துரை ஐயா, நீங்கள் சொன்ன ஓவிய விஷயம் எல்லாம் சரி, ஆனால் அந்த "ஏழைத் தொழிலாளி வீடு" சரியில்லை. அவர் அப்பா கென்னத் கணக்கு எழுதும் கிளார்க். ஆலைத் தொழிலாளி இல்லை. ஹாக்னி படித்தது உதவித்தொகையில் சேர்ந்த பிராட்போர்டு கிராமர் ஸ்கூல், இந்த ஊரில் நல்ல பெயர் உள்ள பள்ளி. எளிய குடும்பம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஊரை ஆலைப் புகையாகவும் அவரைச் சேற்றில் முளைத்த தாமரையாகவும் காட்டுவது இங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

பிராட்போர்டு பக்கத்தில் சால்டேர் என்ற ஊர் இருக்கிறது. 1853இல் கட்டிய பெரிய கம்பளி ஆலை, இப்போது அதன் உள்ளே ஹாக்னி படங்கள்தான். அதை வாங்கிக் காட்சிக்கூடமாக்கியவரும் அதே பள்ளிக்கூடத்து ஆள்தான். இரவு வேலை முடிந்து பல காலை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் நுழைந்ததும் லில்லிப்பூ வாசனை, மேலே இரும்புத் தூண்கள், தூண்களுக்கு நடுவில் அவர் நிறங்கள். கட்டணம் கிடையாது. யாரும் நம்மைக் கிளம்பச் சொல்ல மாட்டார்கள்.

தூரிகை துரை எழுதியது:

அம்மா, ஐந்து பிள்ளை, ஒரு கிளார்க் சம்பளம், போர்க்காலம். அதை ஏழை என்று சொல்லாமல் ஜமீன் என்றா சொல்வது? அதுவும் அந்த அப்பா இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று மனசாட்சிப்படி மறுத்தவர். அந்தக் காலத்தில் அப்படி மறுத்த குடும்பத்தை அக்கம்பக்கம் எப்படிப் பார்த்திருக்கும்? மகனும் அதே வழிதான். 1957இல் இருந்து இரண்டு வருஷம் ராணுவத்துக்குப் பதில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தார். நீங்கள் செவிலியர், உங்களுக்கு அந்த வேலை என்னவென்று தெரியும்.

அந்த அப்பா பழைய சைக்கிளையும் குழந்தை வண்டியையும் வாங்கிப் பழுதுபார்த்து வர்ணம் அடிப்பவர். சைக்கிள் கம்பியில் தூரிகை நிறத்தை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துச் சொக்கிப்போய் நின்ற பையன்தான் பின்னால் ஓவியரானான். பதினெட்டு வயதில் அப்பாவை உட்காரவைத்து ஒரு படம் வரைந்தான், நேரில் பார்த்து, கண்ணாடிக்காரரே, நேரில் பார்த்து! அது லீட்ஸ் கண்காட்சியில் பத்துப் பவுனுக்குப் போனது. கேன்வாஸ் அப்பா காசில் வாங்கியது என்பதால், விற்கலாமா என்று அப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் விற்றான். இதெல்லாம் தெரியாமல் காப்பி என்கிறீர்கள்.

கண்ணாடிக்காரன் எழுதியது:

சைக்கிள் கதை உருக்கமாக இருக்கிறது. தெறிப்பு போட்டோவா இல்லையா என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

போன வருஷம் வான்கா திரியிலும் இப்படித்தான். மஞ்சள் நிறம் பற்றிக் கேட்டால் அவர் தம்பியின் கடிதங்களைப் பற்றி நாற்பது பதிவு போட்டீர்கள். கடைசியில் வருஷத்தைத் தப்பாகச் சொன்னதை நான் சுட்டிக்காட்டியதும் மூன்று வாரம் ஆளைக் காணோம்.

தூரிகை துரை எழுதியது:

மூன்று வாரம் காணாமல் போனது எனக்குக் கண்புரை அறுவை நடந்ததால். வருஷம் தட்டச்சுப் பிழை. அதை அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

யாழினி கோடுகள் எழுதியது:

நான் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். தொழிலுக்கு ஐபேடில் வரைபவள் நான். கண்ணாடிக்காரன் சார் சொல்கிற "காப்பி" எனக்கு வாரத்துக்கு நாலு தடவை கிடைக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு முகம் வரைந்து கொடுத்தால், "இதை மிஷின்தானே போடுது, எதற்கு இவ்வளவு காசு" என்பார்கள். பதினாறு மணி நேரம் கழுத்து ஒடிய வரைந்திருப்பேன்.

அதனால்தான் எனக்கு ஹாக்னி பிடிக்கும். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் முதலில் போனில், பிறகு ஐபேட் வந்தவுடனே ஐபேடில் விரலால் வரையத் தொடங்கினார். 2011இல் வோல்ட்கேட் என்ற கிராமத்துச் சாலையில் குளிர்காலம் போய் வசந்தம் வருவதை நாள்நாளாக ஐபேடில் வரைந்தார். காய்ந்த கிளை, சேறு, முதல் துளிர், அப்புறம் பச்சை. 51 படம். அடுத்த வருஷம் லண்டன் ராயல் அகாடமி கலைக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் அச்சிட்டு மாட்டினார்கள். நார்மண்டியில் ஊரடங்குக் காலத்தில் வரைந்ததை ஒட்டி 90 மீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார். அது முழுக்க நேரில் பார்த்து வரைந்தது. போட்டோ கிடையாது. அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

தூரிகை துரை எழுதியது:

பாப்பா, நல்லது சொன்னாய், ஆனால் ஐபேட் படங்களை நான் சேர்க்க மாட்டேன். கண்ணாடியில் விரலைத் தேய்ப்பதில் எதிர்ப்பு கிடையாது. கேன்வாஸ் தூரிகையைப் பிடித்து இழுக்கும், காகிதம் கரியைக் கடிக்கும், அந்த இழுபறியில்தான் கோடு பிறக்கிறது. 2007இல் அதே யார்க்ஷயரில் வார்ட்டர் என்ற கிராமத்துப் பக்கத்து மரங்களை 50 கேன்வாஸில் வரைந்து ஒன்றாகச் சேர்த்தாரே, 12 மீட்டர் அகலம், அதை டேட்டுக்குச் சும்மா கொடுத்தாரே, அது ஓவியம். ஐபேடில் வந்தது குறிப்பு நோட்டு.

யாழினி கோடுகள் எழுதியது:

அப்படியென்றால் போட்டோவைப் பார்த்து வரையலாம், அது பரவாயில்லை, நேரில் பார்த்து ஐபேடில் வரைந்தால் அது ஓவியம் இல்லை. கருவியை வைத்து ஓவியரை எடை போடக்கூடாது என்று நேற்றிலிருந்து கத்துவது நீங்கள்தானே ஐயா?

அப்புறம் நான் பாப்பா இல்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது.

கண்ணாடிக்காரன் எழுதியது:

யாழினி மேடம் சரியாகப் பிடித்தார்கள். துரை சாருக்கு எது பிடிக்கிறதோ அது கலை. வேறு இலக்கணம் கிடையாது.

தூரிகை துரை எழுதியது:

அம்மா யாழினி, வயது விஷயத்துக்கு மன்னிப்பு. ஐபேட் விஷயத்தில் என் கருத்து மாறாது. கண்ணாடிக்காரருக்கு மட்டும் இப்போது ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

இந்த மனிதர் போட்டோவுக்கு அடிமை இல்லை, போட்டோவோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர். கேமரா ஒற்றைக் கண்ணால், ஒரே நொடியில், ஒரே இடத்தில் நின்று பார்க்கிறது. மனிதன் அப்படியா பார்க்கிறான்? நாம் ஒரு அறைக்குள் நுழைந்தால் கண் ஓடுகிறது, முகத்தில் நிற்கிறது, கைக்குப் போகிறது, திரும்பி முகத்துக்கு வருகிறது. இந்தக் குறையைக் காட்டத்தான் 1982இல் உடனே படம் தரும் பொலராய்டு கேமராவை எடுத்து ஒரே ஆளை நூறு துண்டாக எடுத்து ஒட்டினார். 1986இல் கலிபோர்னியப் பாலைவனத்தில் பேர்பிளாசம் நெடுஞ்சாலை என்று ஒரு படம். நூற்றுக்கணக்கான போட்டோ. 'ஸ்டாப்' பலகைக்கு ஏணி வைத்து ஏறி நேருக்கு நேர் எடுத்தார், ரோட்டில் கிடந்த பீர் டப்பாவுக்குக் குனிந்து கிட்டத்தில் எடுத்தார், எல்லாம் ஒட்டினால் தூரமே காணாமல் போகிறது. சீனச் சுருள் ஓவியங்களில் நாம் நடந்துகொண்டே பார்க்கிறோமே, அந்தப் பார்வையைக் கேமராவின் வாயிலிருந்தே பிடுங்கினார். காப்பி அடிப்பவன் இதையெல்லாம் யோசிப்பானா?

படிப்பிலும் அப்படித்தான். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் எழுத்துக் கட்டுரை கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது என்றார்கள். என்னை என் படத்தை வைத்து மதிப்பிடுங்கள் என்று நின்றார். 1962இல் தனக்குத் தானே கேலியாக ஒரு பட்டச் சான்றிதழை எட்சிங்கில் (உலோகத் தகட்டு அச்சில்) வரைந்துகொண்டார். கடைசியில் கல்லூரிதான் இறங்கி வந்து தங்கப் பதக்கமும் கொடுத்தது.

கண்ணாடிக்காரன் எழுதியது:

போட்டோவோடு சண்டை போட்டவர் ஏன் தெறிப்புக்கு போட்டோவைத் தேடிப் போனார்? 1967இல் சண்டை தொடங்கவில்லையோ.

சரி, நீங்கள் சொல்ல மறந்ததை நான் சொல்கிறேன். 2001இல் ஒரு புத்தகம் போட்டார். பழைய ஓவிய மேதைகள் எல்லாம் 1430 வாக்கிலேயே குழியாடி, லென்ஸ் வைத்துப் பிம்பத்தை விழவைத்து அதன் மேல் வரைந்தார்கள் என்று. வான் ஐக், கரவாஜ்ஜியோ, வெர்மீர், ஆங்கர் என்று யாரையும் விடவில்லை. எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். தான் போட்டோவைப் பார்த்து வரைந்த குற்ற உணர்ச்சியில், எல்லாரும் அப்படித்தான் என்று ஊரைக் கூட்டிக் கூண்டில் ஏற்றினார். ஆனால் நிற்கவில்லை. ஸ்டார்க் என்ற கணினிப் படவியல் அறிஞர் வான் ஐக் வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியத்தின் சரவிளக்கை எடுத்துக் கணக்குப் போட்டார். விளக்கின் கைகள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. பிம்பத்தின் மேல் வரைந்திருந்தால் பொருந்தியிருக்க வேண்டும். கண்ணாலும் கையாலும் வரைந்ததால்தான் அந்தப் பிசகு.

தூரிகை துரை எழுதியது:

குற்ற உணர்ச்சியா! ஐயா, 1999இல் லண்டன் நேஷனல் காலரியில் ஆங்கரின் பென்சில் முகங்களைப் பார்க்கிறார். சின்னத் தாள், முகம் நுணுக்கமாக, சட்டை மடிப்பு மட்டும் சர்ரென்று தயங்காமல் ஓடுகிற கோடு. அவ்வளவு சின்ன அளவில் அவ்வளவு வேகமாக எப்படி என்ற கேள்வி ஒரு ஓவியனின் கைக்குத்தான் வரும், கட்டுரை எழுதுகிறவனுக்கு வராது. கேமரா லூசிடா என்ற சின்னப் பட்டகத்தைக் கம்பியில் மாட்டி வாங்கி, தானே வரைந்து பார்க்கிறார். அது 1806இலேயே வந்த கருவி, அதன் வழியே பார்த்தால் எதிரில் இருப்பவர் தாள்மேல் தெரிவார். கண்ணைத் தூக்கினால் பிம்பம் போய்விடும், உட்கார்ந்தவர் தலை அசைந்தால் போய்விடும். கண், மூக்கு, வாய் மூலையில் நாலைந்து புள்ளி வைக்கத்தான் நேரம். மீதி முழுக்கக் கைதான். அதை வைத்து அதே காலரியில் காவல் நிற்கிற பன்னிரண்டு பணியாளர்களைச் சீருடையில் வரைந்தார். பிரபுக்களை இல்லை, வாசலில் நிற்கிறவர்களை. ஒவ்வொரு முகமும் ஒரு வாழ்க்கை. அந்த வரிசையைப் பார்த்துவிட்டுக் காப்பி என்று சொல்லுங்கள், நான் எழுதுவதை நிறுத்துகிறேன்.

சரவிளக்கு விஷயம் இன்னும் முடியவில்லை. ஃபால்கோ என்ற இயற்பியல் பேராசிரியர் லோட்டோவின் ஓவியத்தில் மேசை விரிப்பின் பூவேலை ஓரிடத்தில் குவியம் தப்பி மங்குவதையும் அளவு மாறுவதையும் கணக்கோடு காட்டியிருக்கிறார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்? லென்ஸ் கோடு போடாது, கைதான் போடும், இதுதான் ஹாக்னி அந்தப் புத்தகம் முழுக்கச் சொல்வது. மேதைகளைக் கூண்டில் ஏற்றவில்லை.

கட்டம்போட்ட கை எழுதியது:

இருபது வருஷம் சினிமா பேனர் வரைந்தவன் நான். ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போனது. உள்ளங்கை அளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதை நாற்பது அடிக்கு ஏற்றுவோம். கிட்டத்தில் நின்றால் கன்னத்தில் பச்சையும் ஊதாவும் வெறும் திட்டு. சாரத்தை விட்டு இறங்கி எதிர் நடைபாதையில் நின்றால்தான் முகம். ஸ்டில்லில் அந்தப் பச்சை கிடையாது. அதை எங்கே போடுவது என்பது வாத்தியாரிடம் வசவு வாங்கிக் கற்றது. போட்டோவைப் பார்த்து வரைந்தாலே காப்பி என்று சொல்பவர் ஒரு நாள் சாரத்தில் ஏறி நிற்கட்டும்.

கண்ணாடிக்காரன் எழுதியது:

உங்கள் உழைப்புக்கு வணக்கம் அண்ணே. ஆனால் நீங்கள் 9 கோடி டாலர் வாங்கவில்லை. நீங்கள் காப்பி என்று ஒத்துக்கொண்டு கூலி வாங்கினீர்கள், அவர் கலை என்று சொல்லி வாங்கினார். என் கேள்வி அவரிடம்தான்.

கட்டம்போட்ட கை எழுதியது:

நான் காப்பி என்று எங்கே ஒத்துக்கொண்டேன்? மேலே எழுதியதைப் படித்தீர்களா? கூலி வாங்கினால் கலை இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

தூரிகை துரை எழுதியது:

அந்த 9 கோடி டாலர் ஹாக்னி பைக்குப் போகவில்லை. 2018இல் விற்றது அதை வைத்திருந்த பணக்காரர். 1972இல் காலரி அதை விற்றது 18,000 டாலருக்கு. முதலில் வரைந்ததைத் திருப்தி இல்லாமல் தூக்கிப்போட்டுவிட்டு, கண்காட்சி நெருங்கும்போது மறுபடி தொடங்கி இரண்டு வாரம் ராப்பகலாக வரைந்து முடித்த படம் அது.

பிராட்போர்டு மழை எழுதியது:

இந்த இரண்டு வாரம் என்பது எல்லாப் படத்துக்கும் வருகிறதே. கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது ஐயா.

தூரிகை துரை எழுதியது:

அம்மா, இரண்டும் வேறு வேறு இரண்டு வாரம். தெறிப்பு 1967, இது 1972. நீங்களும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டீர்களா?

நேரில் பார்த்து வரைந்தது வேண்டும் என்கிறாரே, கேளுங்கள். 2016இல் ராயல் அகாடமியில் 82 முகங்கள் காட்டினார். எல்லாருக்கும் ஒரே நாற்காலி, பின்னால் ஒரே நீலமும் பச்சையும். ஒரு ஆளுக்கு மூன்று நாள் வரை, எதிரில் உட்காரவைத்து. எண்பதை நெருங்கும் கிழவர், காது கேட்காது, நின்றுகொண்டே வரைந்தார். வர முடியாமல் போன ஒருவருக்குப் பதில் பலகையில் பழங்களை வைத்து வரைந்தார். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே, சொல்லவில்லையே!

கண்ணாடிக்காரன் எழுதியது:

82 பேர் நேரில். நல்லது. தெறிப்பு?

பிராட்போர்டு மழை எழுதியது:

நான் யார் பக்கமும் சேரவில்லை. 1977இல் வரைந்த அவருடைய அப்பா அம்மா படத்தை டேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். அம்மா நீல உடையில், கை இரண்டையும் மடியில் வைத்து நம்மை, அதாவது வரைகிற மகனை, நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் பச்சை அலமாரி வண்டி, மேலே பூச்சாடி, ஒரு சின்னக் கண்ணாடி. அப்பா சும்மா உட்கார முடியாமல் புத்தகத்தில் குனிந்துவிட்டார், குதிகால் தரையில் படவே இல்லை. என் அப்பாவும் அப்படித்தான், கல்யாண போட்டோவில்கூட வேறெங்கோ பார்ப்பார். இந்த மாதிரி குதிகால் எந்தக் கேமராவிலும் தற்செயலாக விழலாம். ஆனால் வரைந்தால் அது தற்செயல் இல்லை, மகன் அதைக் கவனித்தான் என்று அர்த்தம்.

கண்ணாடிக்காரன் எழுதியது:

அப்பா என்ன புத்தகம் படிக்கிறார் என்றும் சொல்லுங்கள் மேடம். கலையும் போட்டோகிராபியும் பற்றிய புத்தகம், ஆரன் ஷார்ஃப் எழுதியது. வீட்டிலேயே ஒப்புதல் வாக்குமூலம்!

தூரிகை துரை எழுதியது:

ஒளிப்பவன் அதை அப்பா கையில் கொடுத்து வரைவானா? எல்லாரும் பார்க்க மடியில் விரித்து வைத்திருக்கிறார்! ஓவியர்கள் போட்டோவைப் பயன்படுத்திய வரலாற்றைச் சொல்கிற புத்தகம் அது. மறைக்கவில்லை, வெட்கப்படவில்லை, 1967இலும் மறைக்கவில்லை. நீச்சல் குளப் புத்தகம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர் சொல்லித்தானே தெரிந்தது!

யாழினி கோடுகள் எழுதியது:

துரை ஐயா, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 2018இல் திறந்த ராணிக்கான வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஐபேடில்தான் வடிவமைத்தது. அதுவும் குறிப்பு நோட்டா?

தூரிகை துரை எழுதியது:

கண்ணாடியில் ஈயம் வைத்து வர்ணம் ஏற்றியவர்கள் கைவினைஞர்கள். அதனால் அது ஓவியம். இதைப் பற்றித் தனித்திரி தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

மட்டுறுத்துநர்:

தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். வான்கா திரியின் பழைய கணக்கை இங்கே இழுக்க வேண்டாம். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

தூரிகை துரை எழுதியது:

நீக்கிய இரண்டும் என்னுடையவை. கண்ணாடிக்காரர் எழுதிய "ஊரைக் கூட்டிக் கூண்டில் ஏற்றினார்" மட்டும் அப்படியே நிற்கிறது. நடக்கட்டும். நாளை காலை அந்தத் தெறிப்பைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி, எந்தக் கோடு எந்தத் தூரிகை என்று குறித்துப் போடுகிறேன். பேனர் அண்ணன் உதவுவதாகத் தனிமடல் அனுப்பியிருக்கிறார்.

கண்ணாடிக்காரன் எழுதியது:

போடுங்கள், காத்திருக்கிறேன். பக்கத்திலேயே அந்த நீச்சல் குளப் புத்தகத்து போட்டோவையும் சேர்த்துப் போடுங்கள்.